படமா, பார்வையா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களை ஒட்டிப் பேசிய பகுதிகளும் இடைப்பேச்சுகளும் குறைக்கப்பட்டுள்ளன.)



மருந்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக வென்ற மருந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது மருந்துக்கடைப் பக்கமே வராமல் போன ஒரு மாத்திரையை. பெயர் ரூபாக்ஸிஸ்டாரின். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைக் காப்பதற்காக எலை லில்லி நிறுவனம் உருவாக்கியது. ஆர்க்ஸன்ட் என்று விற்பனைப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஆனால் விற்பனைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தேடிப் போனால், அந்த மாத்திரையைவிடப் பெரிய கேள்வி ஒன்றில் போய் முட்டுகிறோம்.

நான் நிறுவ விரும்புவது இதைத்தான். ஒரு புது மருந்து வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், எதை அளந்து சொன்னார்கள், யாரிடம் அளந்து சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாதவரை, வேலை செய்கிறது என்பதற்கும் சரி, செய்யவில்லை என்பதற்கும் சரி, பெரிய மதிப்பில்லை. இரண்டாவது கேள்வி நம்மூர் நோயாளிக்கு முதல் கேள்வியைவிட முக்கியமானது.

1. இரண்டு அளவுகோல்கள்

நோயைப் பற்றிச் சுருக்கமாக. விழித்திரையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கான சர்க்கரையால் சிதைகின்றன. சில கசியும், சில அடைபடும். கசிவு விழித்திரையின் மையமான மாக்குலாவில் தேங்கினால் வீக்கம் வருகிறது. ரத்தம் கிடைக்காத பகுதிகளோ புதுக் குழாய்களை முளைக்க வைக்கின்றன. அந்தக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், விழித்திரையைப் பிடித்து இழுக்கும். இந்த இரண்டில் ஒன்று வரும்வரை பெரும்பாலானவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. "பேப்பர் படிக்கிறேன், ராத்திரி வண்டி ஓட்டுறேன், எனக்கு என்ன சார்?" என்று கேட்பவரின் விழித்திரைப் படத்தைப் பார்த்தால் மருத்துவருக்கு வயிற்றைக் கலக்கும்.

இதனால்தான் இந்த நோய்க்கு இரண்டு அளவுகோல்கள் வந்தன. ஒன்று, எழுத்துப் பலகை. நோயாளியை நான்கு மீட்டர் தள்ளி உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைத்து, மேலிருந்து வரிக்கு ஐந்து எழுத்தாகப் படிக்கச் சொல்கிறோம். தெரியாவிட்டாலும் ஊகித்தாவது சொல்லுங்கள் என்று விடாமல் கேட்கிறோம். எழுத்துக்கு ஒரு மதிப்பெண். பதினைந்து எழுத்து, அதாவது மூன்று வரி குறைந்துவிட்டால், முன்பு படித்ததைப் படிக்க எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் மிதமான பார்வை இழப்பு. பஸ் ஸ்டாண்டில் நின்று வண்டி நம்பர் படிக்கிறவருக்கு அது அத்தனை மிதமாக இருக்காது.

மற்றொன்று, படம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையை ஏழு பகுதிகளாகப் படம் எடுப்பார்கள். ஆழம் தெரிவதற்காக ஒவ்வொரு பகுதியும் இரண்டு கோணத்தில். ஆக ஒரு கண்ணுக்குப் பதினான்கு முறை வெளிச்சம் வெட்டும். அந்தப் படங்களை மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக மையம் போன்ற ஓரிடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நோயாளி யார், எந்த மருந்து சாப்பிட்டார் என்பது தெரியாது. மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கே ரத்தத் திட்டு எவ்வளவு, அங்கே சிரை எத்தனை இடத்தில் மணிமணியாகப் புடைத்திருக்கிறது என்று எண்ணித் தரம் போடுவார்கள். 1968-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஏர்லி ஹவுஸ் என்னுமிடத்தில் கூடிய நிபுணர்கள் வகுத்த முறை இது. 1979-இல் தொடங்கி 3,711 நோயாளிகளைப் பின்தொடர்ந்த பேராய்வில் அது படிப்படியான வரிசையாகத் திருத்தம் பெற்றது. இரண்டு படி மோசம், இரண்டு படி முன்னேற்றம் என்று இன்றும் ஆய்வுத்தாள்கள் பேசுவது இந்தப் படிகளைத்தான்.

சிகிச்சையே இல்லாமல் பல ஆண்டுகள் விட்டால் இரண்டு அளவுகோலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். படம் கெட்டவருக்குப் பார்வையும் கெடும். ஆனால் மருந்து ஆய்வுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு ஆண்டுகள். அதற்குள் படம் ஒரு வழியில் போகிறது, பார்வை இன்னொரு வழியில் போகிறது. ரூபாக்ஸிஸ்டாரின் சிக்கியது இங்கேதான்.

2. பார்வையைக் காத்தது, படத்தை மாற்றவில்லை

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது குழாய்ச் சுவரின் செல்களில் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியின் பீட்டா வகை முடுக்கிவிடப்படுகிறது. குழாய் கசிவதிலும் புதுக் குழாய் முளைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. பாஸ்டனின் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் ஜார்ஜ் கிங்கும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் துருவினார்கள். அந்த ஒரு வகையை மட்டும் அடக்கும் மூலக்கூறுதான் ரூபாக்ஸிஸ்டாரின். நாளைக்கு ஒரு மாத்திரை, 32 மில்லிகிராம். அன்றைக்கு விழித்திரைக்குக் கையிலிருந்த முக்கியச் சிகிச்சை லேசர்தான். லேசர் கெட்ட பகுதியைச் சுட்டு நல்ல பகுதியைக் காப்பாற்றும், அதற்கு விலையாக ஓரப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சார்பினில் என்ற வேறொரு மாத்திரை 497 பேரிடம் சோதித்துப் பார்த்து 1990-இல் தோற்றுப்போயிருந்தது. எனவே இந்த மாத்திரையின் மேல் எல்லோருக்கும் ஒரு கண்.

முதல் ஆய்வில் 252 பேர். அளந்தது படத்தை: எத்தனை பேருக்குப் படம் படியிறங்குகிறது, எத்தனை பேருக்கு லேசர் தேவைப்படுகிறது. 2005-இல் வெளிவந்த முடிவு, வித்தியாசம் இல்லை என்பது. ஆனால் துணைக் கணக்காகப் பார்வையைப் பார்த்தபோது, 32 மில்லிகிராம் சாப்பிட்டவர்களிடம் இழப்பு குறைவாகத் தெரிந்தது. துணைக் கணக்கில் கிடைத்ததை வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அடுத்த ஆய்வில் அதையே முதன்மைக் கேள்வியாக்கிச் சோதிக்கலாம். நிறுவனம் அப்படித்தான் செய்தது, அது நேர்மையான வழியும்கூட.

இரண்டாவது ஆய்வில் 685 பேர், மூன்றாண்டு. பதினைந்து எழுத்து இழந்து, அந்த இழப்பு ஆறு மாதமாவது நிலைத்தால் மட்டுமே கணக்கு. 2006-இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.1 சதவீதம் பேர் பார்வை இழந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம். 40 சதவீதம் குறைவு என்று தலைப்புச் செய்தி போடலாம். போட்டார்கள்.

நாம் தலைகளை எண்ணுவோம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 340 பேர். ஒரு பக்கம் முப்பத்தொரு பேர், மறுபக்கம் பத்தொன்பது பேர். வித்தியாசம் ஒரு டஜன். அதிலும் ஐந்தாறு பேர் இடம் மாறியிருந்தால் முடிவே கலைந்திருக்கும். புள்ளியியல் கணக்கில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. ஆனால் கோட்டை ஒட்டியே நின்றது. படமோ இந்த முறையும் அசையவில்லை. விழித்திரை கெடுவதன் வேகத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் கிடையாது. மாக்குலா வீக்கத்துக்கு முதன்முறையாக லேசர் தேவைப்பட்டது 26 சதவீதம் குறைந்திருந்ததால், வீக்கத்தின் வழியாகத்தான் பார்வை காக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் மாக்குலா வீக்கத்தையே குறியாக வைத்து 686 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

2006 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இன்னொரு பெரிய ஆய்வு செய்துகொண்டு வாருங்கள் என்றது. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவில் கொடுத்திருந்த விண்ணப்பத்தை 2007-இல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. மாத்திரையின் கதை அதோடு முடிந்தது.

நிர்வாகம் கேட்டது சரி என்பதே என் கருத்து. ஒரு டஜன் பேரை நம்பிக் கோடிக்கணக்கானோருக்கு ஆயுள் முழுக்க ஒரு மாத்திரையை எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்வை இழக்கவில்லை. காரணம், அவர்களுக்கு வேளை தவறாமல் பரிசோதனையும் லேசரும் கிடைத்தன. சிகிச்சை ஒழுங்காக நடக்கும் இடத்தில் பார்வை இழப்பு அரிதாகிவிடுகிறது. அரிதாகிவிட்ட ஒன்றை அளவுகோலாக வைத்தால் எந்த மருந்துமே தன்னை நிரூபித்துக்கொள்ளத் திணறும்.

3. படம் தேறியது, பார்வை அப்படியே

ரத்தம் கிடைக்காத விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்துதான் புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்று 1948-இலேயே கண் மருத்துவர் மைக்கேல்சன் ஊகித்தார். அந்தப் பொருள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் என்பதற்கு, நோயாளிகளின் கண்ணுக்குள்ளிருந்த திரவத்தையே சோதித்து, 1994-இல் லாயிட் பால் ஐயெல்லோவும் குழுவினரும் வலுவான சான்று தந்தார்கள். அதை அடக்கும் ஊசிகள் கண் மருத்துவத்தையே மாற்றிவிட்டன. மாக்குலா வீங்கிப் பார்வை மங்கியவர்களுக்கு அவை செய்யும் நன்மையைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது.

என் கேள்வி வேறு. பார்வை இன்னும் நன்றாக இருப்பவருக்குப் படம் மோசமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கண்ணுக்குள் ஊசி போடலாமா? 402 பேரிடம் அஃப்லிபர்செப்ட் ஊசியைச் சோதித்தார்கள். ஓராண்டில், எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 80 சதவீதம் பேருக்குப் படம் இரண்டு படியோ அதற்கு மேலோ முன்னேறியது. ஊசி இல்லாதவர்களில் 15 சதவீதம்தான். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2006-இல் பார்வையைக் காட்டி நின்ற மாத்திரைக்குக் கிடைக்காதது, படத்தைக் காட்டிய ஊசிக்குக் கிடைத்தது. ஒப்பீடு முழு நியாயம் இல்லைதான். ஊசியின் விளைவு மிகப் பெரியது, மாத்திரையின் விளைவு மிகச் சிறியது.

பிறகு வந்தது அமெரிக்காவிலும் கனடாவிலும் பொது நிதியோடு நடந்த ஆய்வு. புரோட்டோகால் டபிள்யூ என்பார்கள். 328 நோயாளிகள், 399 கண்கள். இரண்டாண்டில் ஊசி போட்ட கண்களில் 16.3 சதவீதமும், போடாத கண்களில் 43.5 சதவீதமும் புதுக் குழாயோ பார்வையைக் கெடுக்கும் வீக்கமோ கண்டன. படத்தின் கணக்கில் அமோக வெற்றி. நான்காண்டு கழித்துப் பலகை முன் உட்காரவைத்தபோது, ஊசி போட்டவரும் போடாதவரும் ஏறக்குறைய ஒரே வரிவரைதான் படித்தார்கள். இருபக்கமும் சராசரி இழப்பு மூன்று எழுத்துக்கும் குறைவு.

4. வந்தவர்களும் வராதவர்களும்

என் பேச்சின் மையம் இதுதான்.

புரோட்டோகால் டபிள்யூவில் ஊசி போடாத பக்கத்தாரைச் சும்மா விட்டுவிடவில்லை. குறித்த இடைவெளியில் அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எல்லை தாண்டியதும் அவர்களுக்கும் அதே ஊசி. ஆகவே அந்த ஆய்வு சோதித்தது ஊசியா ஊசியின்மையா என்பதை அல்ல; முன்கூட்டியே ஊசியா, தேவை வந்த அன்றைக்கு ஊசியா என்பதை. தேவை வந்த அன்றைக்கு மருத்துவமனையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு ஊரிலேயே இருந்துவிடுபவருக்கு?

வராமல் போவது என்பது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரம் கண் கூசும், எதுவும் சரியாகத் தெரியாது. தனியாக பஸ் ஏறித் திரும்ப முடியாது. கூட ஒருவர் வர வேண்டும். ஒருவர் பரிசோதனைக்கு இரண்டு பேர் கூலி போகும். அறுப்பு நேரமாக இருக்கும், பேத்திக்குச் சடங்கு வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கண் நன்றாகத் தெரிகிறதே, பொங்கல் கழித்துப் போனால் போகிறது என்று தோன்றும். அலட்சியம் என்று திட்டுவது சுலபம். அவர் இடத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கணக்கு, தப்பான கணக்கும் அல்ல, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும் நாள்வரை.

ஊசியை மட்டும் நம்பியிருப்பவர் வராமல் போனால் ஆபத்து கூடுதல். பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட பதிவாய்வு இதைக் காட்டியது. புதுக் குழாய் வளர்ந்த நிலையில் சிகிச்சை தொடங்கி, இடையில் காணாமல் போய், மாதங்கள் கழித்துத் திரும்பியவர்களில், லேசர் வாங்கிக்கொண்டவர்களைவிட ஊசி மட்டும் போட்டவர்களின் நிலை மோசமாக இருந்தது. லேசரின் விளைவு கண்ணிலேயே தங்கிவிடும். ஊசியின் விளைவு சில வாரங்களில் கரைந்துவிடும். பிலடெல்பியாவிலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டாம்.

ஆகவே படமா பார்வையா என்ற கேள்விக்கு என் பதில், யாருடைய கண் என்பதைப் பொறுத்தது என்பதே. தவறாமல் பரிசோதனைக்கு வருகிறவருக்குப் படத்தில் இரண்டு படி குறைவதால் பெரிதாக ஒன்றும் போய்விடாது, பின்னால் பிடித்துக்கொள்ளலாம். வர முடியாதவருக்கு அந்த இரண்டு படிதான் அவர் பார்வை. வருகிறவர்களை மட்டும் வைத்து நடத்தும் ஆய்வு இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. நம்மூரில் இது எத்தனை பேரின் கதை என்று பாருங்கள். சென்னையில் நடந்து 2005-இல் வெளியான க்யூர்ஸ் கண் ஆய்வு, நகர்ப்புறச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதித்திருப்பதைக் கண்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் முகாம், வேன், தொலைமருத்துவம் என்று ஊர் ஊராகப் போய் நோயைக் கண்டுபிடிக்கின்றன. கண்டுபிடித்த பிறகு அவர் ஒவ்வொரு தவணையும் திரும்பி வருவாரா என்பது வேறு விஷயம்.

5. மூன்றாவது ஒரு அளவுகோல்

பழைய மாத்திரை ஒன்று புதிய வேலைக்குச் சோதிக்கப்படுகிறது. ஃபெனோஃபைப்ரேட். ரத்தக் கொழுப்புக்கு, குறிப்பாக ட்ரைகிளிசரைடுக்கு, பல்லாண்டுகளாக எழுதப்படும் விலை மலிவான மாத்திரை. மாரடைப்பைத் தடுக்குமா என்று 9,795 பேரிடம் நடந்த ஃபீல்ட் ஆய்வில், எதிர்பாராத பலனாக, லேசர் தேவைப்பட்டவர்கள் 4.9 சதவீதத்திலிருந்து 3.4-ஆகக் குறைந்தார்கள். கொழுப்பு குறைந்த அளவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. 2010-இல் அக்கார்டு கண் ஆய்வில் படம் மோசமானவர்கள் 10.2 சதவீதத்திலிருந்து 6.5-ஆகக் குறைந்தார்கள். பார்வை இழப்பில் வித்தியாசம் இல்லை. அதே கதை. ஆஸ்திரேலியா 2013-இல் இதை விழித்திரைக்கும் அனுமதித்தது, மற்ற பல நாடுகள் தயங்கி நின்றன.

2024-இல் ஸ்காட்லாந்திலிருந்து லென்ஸ் ஆய்வு வந்தது. அதன் புத்திசாலித்தனம் மருந்தில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. படிகளை எண்ணவில்லை, எழுத்தையும் எண்ணவில்லை. அந்த நாட்டின் சர்க்கரை நோயாளிகளை அரசே முறைவைத்து அழைத்துக் கண்ணைப் படம் எடுக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து, இவரைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவாகிறதா, அல்லது சிகிச்சையே தேவைப்பட்டதா? அதைத்தான் எண்ணினார்கள். 1,151 பேர், நடுக்கணக்கில் நான்காண்டு. வெறும் மாத்திரையில் 29.2 சதவீதம், ஃபெனோஃபைப்ரேட்டில் 22.7 சதவீதம். இது நோயாளியும் சுகாதாரத் துறையும் நேரடியாக உணரும் அளவு. அனுப்பப்படாத ஒவ்வொருவரும் ஒரு பயணம், ஒரு நாள் கூலி, ஒரு படுக்கை மிச்சம்.

6. இப்போது வரிசையில் நிற்பது

ஏ.பி.எக்ஸ்.3330 என்று இன்னும் எண்ணாலேயே அழைக்கப்படும் மாத்திரையைப் பற்றி ஒரு பத்தி போதும். இண்டியானா பல்கலைக்கழகத்தின் மார்க் கெல்லி ஆராய்ந்த ரெஃப்-1 என்ற புரதத்தை அடக்குவது. 103 பேர், 24 வாரம். 2023 தொடக்கத்தில் முடிவு: படம் இரண்டு படி முன்னேறவேண்டும் என்ற முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் இரண்டு கண்ணையும் சேர்த்து மூன்று படி மோசமானவர்கள், வெறும் மாத்திரையில் 16 சதவீதம், மருந்தில் ஒருவரும் இல்லை. வாயால் சாப்பிடும் மருந்து இரண்டு கண்ணுக்கும்தானே போகிறது, இரண்டையும் சேர்த்து அளப்பதே முறை என்கிறார்கள். நியாயம்தான். ரூபாக்ஸிஸ்டாரின் கதை தெரிந்தவர்கள் அடுத்த ஆய்வு வரும்வரை கைதட்டக் காத்திருப்பார்கள். 24 வாரம் இந்த நோய்க்கு ஒரு காலமே இல்லை.

7. நம்மூரில் சோதித்தால்

வராதவர்களிடம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். செய்வது கடினம். ஆய்வில் சேர்த்த கணமே போன் செய்து, பஸ் செலவு கொடுத்து, வரவழைக்கத் தொடங்கிவிடுகிறோம். அவர் வருகிறவராகிவிடுகிறார். ஆய்வுக்காக ஒருவரைக் கவனிக்காமல் விட்டு, கண் போகிறதா என்று வேடிக்கை பார்ப்பது கொடுமை. எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. லென்ஸ் காட்டிய வழி ஓரளவு உதவும். மாத்திரையைத் தபாலில் அனுப்பினார்கள், வழக்கமான பரிசோதனையில் வந்த முடிவுகளையே எடுத்துக்கொண்டார்கள், அன்றாட வாழ்க்கையைக் கலைக்கவில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் இருப்பதுபோல் நாடு முழுவதற்குமான ஒரே கண் பரிசோதனைப் பதிவேடு நம்மிடம் இல்லை.

நம்மிடம் வேறொன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கண் பரிசோதனைக்கு வர முடியாதவர் வீட்டுக்கு மாத்திரை போய்ச் சேர்கிறது. கண்ணுக்கும் ஒரு மாத்திரை உறுதிப்பட்டால் அது செல்ல வழி தயாராக இருக்கிறது. ஊசிக்கு அந்த வழி இல்லை. விழித்திரைக்கு மாத்திரை தேடும் முயற்சியை, இத்தனை தோல்விக்குப் பிறகும், நம்மைப் போன்ற ஊர்கள் ஆதரிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் நாளை ஆய்வுக் குழுக்களில் உட்காருவீர்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எந்த ஆய்வை எடுத்தாலும் முதன்மை விளைவு என்று ஒரு கட்டம் இருக்கும். மருந்தின் பெயரைப் படிப்பதற்கு முன் அதைப் படியுங்கள். அதே விஷயம் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலும், அவருக்குப் புரியும் தமிழில், முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "இந்த மருந்தால் உங்கள் கண்ணின் படம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கப்போகிறோம், பார்வை கூடும் என்று சொல்லவில்லை" என்று எழுத இரண்டு வரி போதும். பார்வை கூடும் என்று நினைத்துக்கொண்டே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கேள்வி நேரத்தில் யாராவது கேட்கப்போவது எனக்குத் தெரியும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஃபெனோஃபைப்ரேட்டை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது ரத்தத்தில் கிரியேட்டினின் அளவை ஏற்றும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்குக் கொடுக்கவே கூடாது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் தசை வலியைக் கவனிக்க வேண்டும். உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது கடைசியாக எடுத்த விழித்திரைப் படத்தின் அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள். அப்படி ஒன்று இல்லாதவர்கள் முதலில் படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.